14 கிலோவா, 23 கிலோவா: மலையகத்தில் டியூப் அம்ப் தூக்குகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

டியூப் அம்ப் (கண்ணாடி வால்வில் ஓடும் கிட்டார் அம்ப்ளிஃபையர்) ஒப்பீடுகளில் எடை என்பது கடைசி வரியில் வரும் ஓர் எண். எழுதுகிறவர் காரில் ஏற்றிக்கொண்டு போய் மேடைக்குப் பின்னால் இறக்குகிறவர், அவருக்கு 14 கிலோவும் 23 கிலோவும் ஒன்றுதான். நம் பக்கம் அப்படியில்லை. ஹட்டனில் பஸ் ஏறி, நோர்வூட் தாண்டி ஏதாவது ஒரு தோட்டத்துச் சந்தியில் இறங்கி, ஓட்டோ கிடைத்தால் பாதித் தூரம் அதில், அப்புறம் ஓட்டோவே போகாத படிக்கட்டில் கோயில் வாசல் வரைக்கும் கையில்தான். பஸ்ஸில் சீட்டில் வைத்தால் கொண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் கிழிப்பார், காலடியில் வைத்தால் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோருடைய முழங்காலும் ஸ்பீக்கர் துணியில்தான் இடிக்கும். ஆகவே இங்கே எடையை முதல் வரியில் போட்டுத்தான் பேச வேண்டும்.

எடையை மட்டும் பார்த்து வாங்கினாலும் தொல்லைதான். ஒரே இரவில் நம் கிட்டார்காரர் என்னவெல்லாம் வாசிக்கிறார் என்று பாருங்கள். சாமிப் பாட்டில் தொடங்கி, எண்பதுகளின் சினிமாப் பாட்டுக்கு கோரஸ் எஃபெக்ட் போட்டு, கோர்டை ஒவ்வொரு தந்தியாக மீட்டும் சுத்தமான ஆர்பெஜியோ, நடுவில் ஒரு பைலா, அதில் வலது கை வெட்டு ஒவ்வொன்றும் தனியாகக் கேட்க வேண்டும், கடைசியில் பையன்கள் சீழ்க்கை அடித்துக் கேட்கும் பாட்டுக்கு ஒரு டிஸ்டோர்ஷன் சோலோ. இத்தனைக்கும் ஒரே பெட்டி.

கனம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெரியும். டியூபுகள் இலேசானவை, கனம் எல்லாம் இரும்பில். டியூபுக்கு வேண்டிய முந்நூறு நானூறு வோல்ட்டை உண்டாக்க ஒரு பவர் ட்ரான்ஸ்போமர், டியூபின் ஆயிரக்கணக்கான ஓம்ஸை ஸ்பீக்கரின் எட்டு ஓம்ஸுக்குப் பொருத்த இன்னொரு அவுட்புட் ட்ரான்ஸ்போமர். வாட் கூடினால் இரண்டும் பெருக்கும். அதோடு ஸ்பீக்கர் காந்தம், பலகை. ஒரு சனல் (தனிக் குமிழோடு வரும் தனிச் சத்த வழி) கூட்டுவதற்கு இன்னொரு 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன டியூபும் கொஞ்சம் சில்லறைச் சாமானும் போதும், கிராம் கணக்கு. ஆனால் நிறைய சனல் உள்ள அம்பைக் கம்பெனிகள் பெரும்பாலும் பெரிய வாட்டிலேயே செய்கிறார்கள், அதனால் வசதியைக் கேட்டால் இரும்பும் கூடவே வருகிறது.

சரி, ஆட்களைப் பார்ப்போம்.

ஃபெண்டர் புளூஸ் ஜூனியர். 15 வாட், இரண்டு ஈஎல்84 பவர் டியூப், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், பெரிய மண்டபத்து எதிரொலி மாதிரித் தரும் ஸ்ப்ரிங் ரிவேர்ப், சுமார் 14 கிலோ. ஒரு கையில் அம்ப், தோளில் கிட்டார் என்று படி இறங்கலாம், நடுவில் கை மாற்றினால் போதும். குறை என்னவென்றால் ஒரே சனல், எஃபெக்ட்ஸ் லூப் (எக்கோ மாதிரிப் பெடல்களை அம்பின் நடுவில் செருகும் வழி) கிடையாது, பெட்டி சின்னது என்பதால் கீழ்ச் சுருதிகள் கொஞ்சம் அடைபட்ட மாதிரி கேட்கும். சத்தம் கூட்டக் கூட்டச் சீக்கிரமே உடைந்து கரகரக்கத் தொடங்கும். புளூஸ் வாசிக்கிறவருக்கு அந்த உடைசல்தான் இனிப்பு, பைலா வெட்டுகிறவருக்கு அதுவே எரிச்சல்.

ஃபெண்டர் '65 டீலக்ஸ் ரிவேர்ப். 22 வாட், இரண்டு 6வி6, 19 கிலோ. இதன் சுத்தமான சத்தத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் கொஞ்சம் பின்னால்தான் நிற்கும் என்பது என் கட்சி. ரிவேர்ப் உண்டு, சத்தத்தை அலை அலையாக ஏற்றி இறக்கும் ட்ரெமலோ உண்டு, பெடல் எதைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். சனல் இரண்டு இருந்தாலும் இரண்டும் சுத்தம்தான், டிஸ்டோர்ஷனுக்கென்று தனி வழி கிடையாது, மிட் குமிழ் இல்லை, மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூமும் இல்லை. அதாவது உள்ளே உள்ள வகைகளை மட்டும் எண்ணினால் இது ஏழை.

மார்ஷல் டிஎஸ்எல்40சிஆர். இரண்டு ஈஎல்34, 40 வாட், சுவிட்ச் போட்டால் 20, இரண்டு சனல், ஒவ்வொன்றிலும் இரண்டு விதம், ஆக நான்கு சத்தம், லூப், ரிவேர்ப், இரண்டு மாஸ்டர். விலையிலும் டீலக்ஸை விடக் குறைவாகவே விற்கிறது. வகைகளை எண்ணி வாங்குகிறவர் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம், இதை எடுத்துக்கொண்டு போகலாம். ஏறக்குறைய 23 கிலோ. தூக்கினால் கைப்பிடி விரல்களின் நடுக்கணுவில் அழுத்தும், பெட்டி அகலம் என்பதால் உடம்பை விட்டு வெளியே தள்ளிப் பிடிக்க வேண்டும், படி இறங்கும்போது அதன் விளிம்பு ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியில் தட்டும். இரண்டு பேர் வேண்டும், இல்லாவிட்டால் வேன் வேண்டும்.

ஓரஞ்ச் டைனி டெரர். 2006இல் வந்தபோது சின்ன டியூப் ஹெட்டுக்கெல்லாம் (ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் அம்ப்) வழி திறந்துவிட்டது இதுதான். 15 வாட், சுவிட்ச் போட்டால் 7, மூன்றே குமிழ், வால்யூம், டோன், கெயின், அவ்வளவுதான். ஆறு கிலோ அளவு, பையில் போட்டுத் தோளில் மாட்டலாம். கேட்கச் சொர்க்கம். ஆனால் ஸ்பீக்கர் பெட்டி எங்கே? 12 அங்குலப் பெட்டி ஒன்று பத்திலிருந்து பதினாறு கிலோ வரை வரும், அதையும் தூக்கினால் மிச்சம் ஒன்றுமில்லை. போகிற இடத்தில் பெட்டி நிரந்தரமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு சரி, சில சேர்ச்சுகளிலும் ஒத்திகை அறைகளிலும் இருக்கிறது. ரிவேர்ப் கிடையாது. சுத்தமான சத்தத்தைக் கேட்டால் கெயினைக் குறைத்தால் கிடைக்கும், ஆனால் அது அதன் சுபாவம் அல்ல.

வொக்ஸ் ஏசி30, ஃபெண்டர் ட்வின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் 30 கிலோவை ஒட்டியும் தாண்டியும். ட்வினின் 85 வாட்டை உடையும் வரை கூட்ட நம் மண்டபம் எதுவும் இடம் கொடுக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சத்தத்தின் வகை என்று நாம் சொல்வதில் இரண்டு இருக்கிறது. ஒன்று ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன், எக்கோ, கோரஸ். இதெல்லாம் அரைக் கிலோகூட இல்லாத பெடலில் கிடைக்கும், அம்பின் சொந்த டிஸ்டோர்ஷனுக்கும் நல்ல பெடலுக்கும் உள்ள வித்தியாசம் வாசிப்பவருக்குத் தெரியும், கல்யாண மண்டபத்தில் பிரியாணி சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. இன்னொன்று ஹெட்ரூம், அதாவது உடையாமல் எவ்வளவு சத்தம் போகும் என்பது. இதைப் பெடலில் வாங்க முடியாது, இரும்பில்தான் வாங்க வேண்டும். ஆகவே சனலுக்காக ஒரு கிலோகூடத் தூக்காதீர்கள், ஹெட்ரூமுக்காக வேண்டுமானால் தூக்குங்கள்.

அந்த ஹெட்ரூமும் எவ்வளவு வேண்டும் என்பது மேடையைப் பொறுத்தது. வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வாட் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். 15க்கும் 22க்கும் இடையில் 2 டெசிபல்கூட இல்லை, 15க்கும் 40க்கும் இடையில் நாலு சொச்சம். அதே வாட்டுக்கு 3 டெசிபல் கூடுதலாகச் சத்தம் தரும் ஸ்பீக்கராக மாற்றினால் வாட்டை இரட்டித்ததற்குச் சமம், ட்ரான்ஸ்போமரைத் தொடவே வேண்டாம். அந்த ஸ்பீக்கரே நியோடிமியம் காந்தம் உள்ளதாக இருந்தால் ஒன்றரை இரண்டு கிலோ குறையவும் செய்யும். புளூஸ் ஜூனியருக்கு நான் முதலில் சொல்லும் வேலை இதுதான். சிலர் நியோ ஸ்பீக்கரில் மேல்ச் சுருதி கூர்மை என்பார்கள், ட்ரெபிள் குமிழை ஒரு எண் குறைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மைக். திருவிழாவானாலும் கல்யாணமானாலும் சவுண்ட்காரர் ஒருவர் வந்திருப்பார். அவரிடம் ஒரு மைக் வாங்கி ஸ்பீக்கர் முன்னால் நிறுத்திவிட்டால் கூட்டத்துக்குச் சத்தம் கொடுப்பது அவர் வேலை, உங்கள் அம்ப் உடையாத அளவில் நின்றால் போதும். ட்ரம்ஸ்காரர் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கே உங்கள் கிட்டார் கேட்காது, அம்பை நாற்காலியில் ஏற்றி காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். இப்படி வாசிக்கிறவருக்கு புளூஸ் ஜூனியரும் ஓர் ஓவர்டிரைவ் பெடலும் ஒரு கோரஸ் பெடலும் போதும், டீலக்ஸுக்குக் கொடுக்கும் ஐந்து கிலோ வீண். மைக் இல்லாமல், ட்ரம்ஸோடு, அம்பை மட்டும் நம்பி வாசிக்கிற இடம் என்றால் கதை மாறும். ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டல்களில் அப்படிச் சில மூலைகள் உண்டு. அங்கே டீலக்ஸ், ஹோட்டல் வரைக்கும் வாகனம் போகும் என்பதால் 19 கிலோ ஒரு பிரச்சினையே இல்லை. டிஎஸ்எல் யாருக்கு என்றால், ஒரே அறையில் வைத்து ஒத்திகை பார்த்து, மாதத்துக்கு ஒரு தரம் வேனில் போகிற ரொக் பேண்டுக்கு. அவர்களுக்கு நான்கு சத்தமும் உண்மையாகவே பயன்படும்.

கரண்டையும் இதில் சேர்க்க வேண்டும். லைனின் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் இரவில் வோல்டேஜ் இறங்கும். 230 வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் டியூபுக்குப் போகும் வோல்ட்டும் அதே விகிதத்தில் விழும், வாட் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விடும், டீலக்ஸின் 22 வாட் 17ஐ ஒட்டி வரும். சத்தமும் கொஞ்சம் மெத்தென்று முன்னதாகவே உடையும். ஏற்கெனவே ஹெட்ரூம் குறைந்த அம்ப் இங்கே இன்னும் குறுகும் என்பதால் தோட்டத்துக்கு வாசிக்கப் போகிறவர் புளூஸ் ஜூனியரின் வால்யூமை நம்பாமல் மைக்கை நம்ப வேண்டும். குளிரில் கொண்டு போய்ச் சூடான மண்டபத்தில் வைத்தால் உள்ளே ஈரம் பூக்கும், உடனே சுவிட்சைப் போடாமல் கொஞ்ச நேரம் விடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சூட்டோடு தூக்கி லொறியில் போடாதீர்கள், சூடான டியூபின் இழை ஒரு குலுக்கலில் போகலாம்.

ஃபெண்டரின் டோன் மாஸ்டர் டீலக்ஸ் பற்றிக் கேட்பீர்கள். 2019இல் வந்தது, பார்க்க அச்சு அசல் டீலக்ஸ், பத்துக் கிலோ சொச்சம்தான், உள்ளே டியூப் இல்லை, எல்லாம் டிஜிட்டல். சவுண்ட்காரரின் மிக்சருக்கு நேராக வயர் போடலாம். படிக்கட்டில் வைத்துக் கேட்டால் இதுதான் முதல் பரிசு. டியூப்தான் வேண்டும் என்று தொடங்கியவர்களுக்காக எழுதியதால் இதோடு நிறுத்துகிறேன், ஆனால் முதுகுவலிக்காரர் வாங்கினால் நான் கேலி செய்யமாட்டேன்.

எதை வாங்கினாலும் பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்றால் 120, ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் என்றால் 100. அப்படியே நம் பிளக்கில் போட்டால் அதோடு சரி. வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றைக் கூடவே சுமக்க வேண்டும், அது நான்கைந்து கிலோ, 14 கிலோ புளூஸ் ஜூனியர் அந்த இடத்திலேயே 19 கிலோவாகிவிடும். அதற்கு டீலக்ஸையே வாங்கியிருக்கலாம்.