சேலத்திலிருந்து தீவுப் பயணம்: அந்தமானா, லட்சத்தீவா?

முதல் தடவை என்றால் அந்தமான்தான். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ், விடியற்காலை சென்னை சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். ரயில் தாமதமானால் விமானம் போய்விடும். பத்து மணிக்குப் பிந்தைய விமானமாகப் போடுங்கள். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தமிழ் பேசுவோர் நிறைய. டிசம்பரில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும், ஊர் சுற்றுவதைக் காலையிலேயே தொடங்குங்கள். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு ஹேவ்லாக் தீவில் தங்கவே வேண்டாம். படகு ரத்தானால் விமானமும் போச்சு.

லட்சத்தீவுக்கு கொச்சி வழி. நுழைவு அனுமதி கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். அங்கே விமான நிலையம் உள்ள அகத்தி தீவுக்குச் சிறிய விமானம், மூட்டையைக் குறையுங்கள். அலைச்சல் கூடுதல்தான். ஆனால் சின்னக் குழந்தைகளோடு கடலில் இறங்க, பவளத்திட்டு அலையைத் தடுத்து நிறுத்தும் அந்த ஆழமில்லாத நீருக்கு ஈடில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டுமே வேண்டாம்.