மடக்குவதா, கழற்றுவதா: படிப்புக்கும் பயணத்துக்கும் ஒரு டூ-இன்-ஒன்

திருவனந்தபுரத்தில் புள்ளியியல் எம்.எஸ்சி. சேர்ந்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒரே சாமான், ஆனால் அது இரண்டு வேலை பார்க்க வேண்டும். வகுப்பில் பேனாவால் எழுதியே ஆகவேண்டும். பாதிக்கு மேல் சமன்பாடுகள், அதைக் கீபோர்டில் தட்டி முடிப்பதற்குள் சார் பலகையை அழித்துவிட்டு அடுத்த தேற்றத்துக்குப் போய்விடுவார். அறைக்கு வந்தால் ஆர் என்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர், எக்செல், நீள நீளமான ரிப்போர்ட் என்று தட்டச்சு வேலை. இதற்கு நடுவில் செங்கோட்டைக்கும் திருவனந்தபுரத்துக்கும் மலையைத் தாண்டிப் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். லேப்டாப் ஒன்று, டேப்லெட் ஒன்று என்று தனித்தனியாக வாங்க வீட்டில் வசதி கிடையாது. ஆக லேப்டாப்பும் டேப்லெட்டும் ஒன்றேயான டூ-இன்-ஒன் என்பது முடிவாகிவிட்டது, எந்த வகை என்பதில்தான் மண்டை காய்ந்தது.

வகை இரண்டுதான். ஒன்று, திரையை 360 டிகிரி பின்னால் மடக்கி டேப்லெட் ஆக்குவது. லெனோவோ யோகா, ஹெச்பி எக்ஸ்360, டெல்லின் டூ-இன்-ஒன் எல்லாம் இந்தக் கூட்டம். இன்னொன்று, கீபோர்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போவது. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோதான் இதற்குப் பெயர் போனது. முதல் யோகாவும் முதல் சர்ஃபேஸும் 2012-ல் வந்தவை, அதனால் இரண்டுமே இப்போது புதுச் சரக்கு இல்லை, நல்லது கெட்டது எல்லாம் தெரிந்துபோன சங்கதி.

நான் வாங்கியது மடக்கும் வகை, 13 இஞ்ச், கம்பெனிகளில் ஓடிக் கழித்துவிட்ட பிசினஸ் மாடல், செகண்ட் ஹேண்ட். என் அறைத் தோழன் வைத்திருப்பது கழற்றும் வகை. தேவைக்கு மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வோம் என்பதால் இரண்டும் ஓரளவு கைப்பழக்கம். இருந்தாலும் என் சாய்வு மடக்கும் வகைப் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐபேட் ஏன் இல்லை என்று கேட்பார்கள். எழுதுவதற்கு அருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் துறையில் தரும் விண்டோஸ் சாஃப்ட்வேர் அதில் ஓடாது. வெறும் குறிப்பும் பிடிஎஃப்பும்தான் உங்கள் படிப்பு என்றால் ஐபேடே போதும், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

எடையில் கழற்றும் வகைக்கே வெற்றி. திரை மட்டும் 900 கிராமுக்குப் பக்கத்தில்தான் வரும், கீபோர்டைச் சேர்த்தாலும் 1.2 கிலோவைச் சுற்றி நிற்கும். என்னுடையது 1.4 கிலோ, அதைக் கழற்றவும் முடியாது. படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்து பிடிஎஃப் படிக்கலாம் என்ற ஆசையெல்லாம் மடக்கும் வகையில் நடக்காது, கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலித்துவிடும். மடக்கிப் பிடிக்கும்போது பின்பக்கம் விரலுக்கடியில் கீபோர்டு பட்டன்கள் நெருடிக்கொண்டே இருக்கும். அவை அப்போது வேலை செய்யாதுதான், ஆனாலும் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் பயணம் என்று வந்தால் கதை திரும்புகிறது. கழற்றும் வகையில் திரையை நிறுத்துவது பின்னால் இருக்கும் ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டு விரிந்து, அதற்கு முன்னால் கீபோர்டும் படுக்க வேண்டும் என்றால் நல்ல ஆழமான இடம் தேவை. மேஜையில் பிரச்சினை இல்லை. குளத்துப்புழை வழியாகப் போகிற அரசு பஸ்ஸில் மேஜைக்கு எங்கே போவது? தொடையில் வைத்தால் ஸ்டாண்டு முழங்கால் விளிம்புக்குப் போய்விடுகிறது, ஒரு வளைவில் பஸ் திரும்பினால் திரை அப்படியே பின்னால் சாய்கிறது. வகுப்பில் எழுதும் பலகை வைத்த நாற்காலியிலும் இதே பாடு. மடக்கும் வகைக்குத் தன் அகலம் நீளத்துக்கு மேல் இடம் வேண்டாம். மடக்கிவிட்டால் ஒரு நோட்டு வைக்கிற இடம் போதும்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனி ஆடியில் சாரல் அடிக்கும்போது பஸ்ஸில் ஷட்டரை முழுக்க இறக்கவும் மனசு வராது. நாலு துளி திரையில் விழுந்தால் போதும், டச் அதை விரல் என்று நினைத்துக்கொண்டு தானாகப் பக்கம் புரட்டும், தானாக எதையாவது திறக்கும். இது இரண்டு வகைக்கும் பொது. ஆனால் மடக்கும் வகையைச் சட்டென்று மூடிவிட்டால் திரை உள்ளே போய்விடும். 2018-ல் அகலப்பாதை திறந்த பிறகு புனலூர் வழி ரயிலும் கை கொடுக்கிறது. ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், நெட் இருந்தால்தான் ஓடும் என்கிற எதையும் நம்பி ஏறாதீர்கள், கோப்புகள் கையிலேயே இருக்கட்டும்.

பேனா. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலும் எழுதாது. சர்ஃபேஸ் பேனாக்கள் திரையோடு பேசும் முறை ஒன்று, வாகாம் கம்பெனியின் ஏஇஎஸ் என்பது வேறு முறை. தோழனுடைய பேனா என் திரையில் ஒரு கோடுகூடப் போடவில்லை. இரண்டு முறையிலும் எழுதுகிற பேனாக்களும் விற்கிறார்கள், ஆனால் பெட்டியில் உங்கள் மாடல் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய பேனாக்கள் பலவற்றுக்கு நாலு ஏ போட்ட ஒல்லி பேட்டரி வேண்டும். செங்கோட்டை பஜாரில் கேட்டால் ரிமோட்டுக்குப் போடுகிற மூன்று ஏ பேட்டரியை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு இந்தத் தொல்லை இல்லை. சில பிசினஸ் மாடல்களில் பேனாவைச் செருக உடம்பிலேயே ஒரு துளை உண்டு, செருகி வைத்தால் அங்கேயே சார்ஜ் ஏறிக்கொள்ளும். குறை என்னவென்றால் அந்தப் பேனா ரொம்ப ஒல்லி, மூன்று மணி நேர வகுப்பு என்றால் விரல் இழுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைக் கேட்டால் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மூன்று வருஷம் கழித்து இதை யார் திறப்பார்கள்?

எந்த லேப்டாப்பாக இருந்தாலும் பேட்டரி ஒருநாள் போகும். எங்களைப் போலப் போய்வருகிறவர்களுக்கு அது சீக்கிரமே போகும். பஸ்ஸில் ப்ளக் கிடையாது, ரயிலிலும் இரவில் ப்ளக் பாயிண்டை அணைத்துவிடுவார்கள், அதனால் தினமும் பேட்டரியை ஒட்டக் காலி பண்ணி, திரும்ப நூறு வரை ஏற்றுகிறோம். தோழனுடையது பூரி மாதிரி உப்பித் திரையின் ஒரு ஓரத்தைத் தூக்கிவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், பேட்டரி மட்டும் மாற்றுவதில்லை, மொத்தமாக மாற்றித் தருகிறோம் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தக் காசுக்கு வேறொரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம். சரி, நம்ம ஊர்ப் பக்கம் பார்ப்போம் என்று தென்காசியில் எனக்குத் தெரிந்த கடைக்குக் கூட்டிப் போனேன். அண்ணாச்சி கையில் வாங்கி, ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். “இது கண்ணாடிய ஒட்டிருக்கான் தம்பி. சூடு காட்டித்தான் தூக்கணும். பேட்டரி வேற உப்பிருக்கு, அதுல சூடு காட்டச் சொல்லுதியா?”

அவர் சொன்னதுதான் விஷயம். கழற்றும் வகையில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் ஸ்க்ரூ கிடையாது. உள்ளே போகிற வழி திரைதான், அந்தத் திரை சுற்றிலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சூடாக்கி, ரப்பர் கப்பால் இழுத்து, மெல்லிய பிளாஸ்டிக் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். கை தப்பினால் கண்ணாடியில் கீறல். கண்ணாடியும் டிஸ்பிளேயும் டச்சும் ஒன்றாக ஒட்டியது, ஒன்று போனால் மூன்றும் போச்சு. சர்ஃபேஸ் ப்ரோ 8 (2021) போன்ற பிந்தைய மாடல்களில், கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியை மாற்றப் பின்பக்கம் ஒரு சின்ன மூடி வைத்தார்கள், அது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த மூடி வழியாகப் பேட்டரிக்குப் போக முடியாது.

என்னுடையதற்கு அதே அண்ணாச்சிதான் பேட்டரி மாற்றினார். கவிழ்த்துப் போட்டார். அடிமூடி ஸ்க்ரூக்களைக் கழற்றினார், பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு ஒரு சுற்று ஓட்டினார், க்ளிக் க்ளிக்கென்று மூடி கையோடு வந்தது. முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினார், அப்புறம் பேட்டரியைப் பிடித்திருந்த சின்ன ஸ்க்ரூக்கள், புதுசை வைத்து மூடினார். நான் எதிரே டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. பழைய பேட்டரியில் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்து, அதே நம்பருக்குத்தான் வரவழைத்திருந்தேன். மாடல் பெயரை மட்டும் நம்பினால் ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று பேட்டரி இருக்கும், கனெக்டர் சேராது.

மடக்கும் வகைக்கு வியாதியே இல்லை என்று சொல்லவில்லை. அதன் வியாதி ஹிஞ்ச், அதாவது திரையைக் கீபோர்டோடு இணைக்கும் கீல். விலை குறைந்த மாடல்களில் ஹிஞ்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ போய் ஏறுவது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டில். நாளாக ஆக ஹிஞ்ச் இறுகும், நாமும் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கித் திறப்போம், ஒருநாள் அந்த நட்டு பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கடையில் அரால்டைட் போட்டு ஒட்டித் தருவார்கள், அது கொஞ்ச காலம் தாங்கும். மெட்டல் பாடி மாடல்களில் இந்தப் பிய்ச்சல் குறைவு, நான் பழசானாலும் பிசினஸ் மாடல் என்று போனதற்கு இதுதான் காரணம். கீபோர்டில் காபி கொட்டினால் நிலைமை தலைகீழ். கழற்றும் வகைக்காரர் வேறு கீபோர்டு வாங்கி மாட்டிவிடலாம். மடக்கும் வகை பலவற்றில் கீபோர்டு மேல்மூடியோடு சேர்ந்தே வரும், முழு லேப்டாப்பையும் பிரித்துத்தான் மாற்ற வேண்டும், செலவும் கூட.

மதர்போர்டே போய்விட்டால்? மடக்கும் வகையில் பெரும்பாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி எடுத்துக் கோப்புகளைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நிபந்தனை, விண்டோஸ் பல சமயம் நம்மிடம் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டைத் திறக்கும் எண், பிட்லாக்கர் ரெகவரி கீ, பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை இன்றைக்கே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், தீசிஸ் நேரத்தில் தேடாதீர்கள்.

2024-க்குப் பிறகு வந்த ஸ்னாப்டிராகன் சிப் போட்ட கழற்றும் வகைகளை நான் கடையில் தொட்டுப் பார்த்ததோடு சரி, வைத்துப் புழங்கியதில்லை. பேட்டரி நன்றாக நிற்கிறது என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். லேபில் கருவிகளோடு இணைக்கிற டிரைவர்கள் அதில் ஓடுமா என்பதை உங்கள் துறையில் கேட்காமல் வாங்க வேண்டாம்.

விலை என்று பார்த்தால், புது சர்ஃபேஸ் ப்ரோ கீபோர்டு, பேனா சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டும். கீபோர்டும் பேனாவும் பெரும்பாலும் தனிக்காசு என்பதை விளம்பரப் படத்தைப் பார்த்து மறந்துவிடாதீர்கள். செகண்ட் ஹேண்டில் மடக்கும் பிசினஸ் மாடல் அரை லட்சத்துக்குள்ளேயே கிடைக்கிறது. பழசு வாங்கினால் இன்டெல் சிப்பில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகவேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை ஓரிரண்டு தவிர விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. 2017 சர்ஃபேஸ் ப்ரோ மலிவாக வருகிறதே என்று தோன்றும், அது ஏழாம் தலைமுறை. ரேமைப் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் பண்ணியிருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது, 16 ஜிபியாகவே பாருங்கள்.

எங்கே வாங்குவது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பார்கள், கேரளாவிலா இந்தப் பக்கமா என்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு பக்கமும் அதே 18 சதவீதம்தான், வரியில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. மற்றபடி தள்ளுபடி சீசன்தான் வித்தியாசம். இங்கே ஆடிக்குப் போடுவார்கள், அங்கே ஓணத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் சில வாரம்தான், அவசரம் இல்லை என்றால் ஆடி விலையைக் குறித்து வைத்துக்கொண்டு ஓணம் வரை பொறுத்துப் பாருங்கள். பழசு வாங்குகிறவர்களுக்கு சீசன் எல்லாம் கிடையாது. கடையில் நின்றபடியே திரையை முழுச் சுற்று மடக்கி விரித்து ஹிஞ்ச் பக்கம் சத்தம் வருகிறதா, அடிமூடி எங்காவது விலகி நிற்கிறதா என்று பாருங்கள், பேனாவால் நாலு மூலையிலும் கோடு இழுத்துப் பாருங்கள், பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட யோசித்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள்.