டான்டடான் புதிய தொகுதி வாங்குவோர் கவனத்திற்கு: இணைய அங்காடிகளில் உலவும் போலிப் பிரதிகள்

யுகினோபு டாட்சு எழுதி வரையும் ‘டான்டடான்’ என்ற மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், ஆங்கிலத் தொகுதிகளைத் தொடர்ந்து வாங்கி வருபவர்கள், குறிப்பாகப் புதிய தொகுதி வெளிவந்தவுடனேயே அதைக் குறைந்த விலையில் பார்த்து ஆர்டர் செய்ய நினைப்பவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பலரும் அன்றாடம் பயன்படுத்தும் ஓர் இணைய அங்காடியில் அண்மைத் தொகுதியையும், இரவல் போய்த் திரும்பாத ஒரு தொடக்கத் தொகுதியையும் சேர்த்து வாங்கினேன். வந்து சேர்ந்த இரண்டுமே திருட்டு அச்சுப் பிரதிகள்.

அட்டையை மட்டும் பார்த்தால் யாருக்கும் ஐயம் வராது. ஆங்கிலப் பதிப்பாளரான விஸ் மீடியாவின் சின்னம், பட்டைக்குறி, பின்னட்டை வாசகம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அலமாரியில் ஏற்கெனவே இருந்த தொகுதிகளோடு சேர்த்து நிறுத்தியபோதுதான் முதுகுப் பகுதியின் நிறம் வெளிறியிருப்பதும், தொகுதி எண் மற்ற எண்களோடு ஒரே கோட்டில் நிற்காததும், உயரம் சற்றுக் குறைந்திருப்பதும் தெரிந்தன. உள்ளே தாள் மெலிந்து, மறுபக்கத்துப் படம் இந்தப் பக்கத்தில் நிழலாடியது. பக்கத்தின் உள் விளிம்பில் போதிய இடம் விடாமல் அச்சிட்டு ஒட்டியிருந்ததால், சில வசனக் குமிழிகளின் பாதி எழுத்துகள் கட்டுமானத்துக்குள் புதைந்துவிட்டன. புத்தகத்தை அகல விரித்தால் படிக்கலாம். ஆனால் அகல விரித்தால் பசை விட்டுப் பக்கங்கள் கழன்று வந்தன.

மலிவு விலைக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். இந்தத் தொடரைப் பொறுத்தவரை அந்தச் சமாதானம் செல்லாது. 2021 ஏப்ரலில் ஷோனென் ஜம்ப் ப்ளஸ் என்ற ஜப்பானிய மங்கா இணையதளத்தில் தொடங்கிய இக்கதையில், பேய்களை நம்பும் மோமோவும் வேற்றுக்கோள்வாசிகளை நம்பும் ஒகாருனும் ஒருவர் நம்பிக்கையை மற்றவர் பொய்யென்று காட்டப் புறப்பட்டு, இரண்டும் உண்மையென்று கண்டு திகைக்கிறார்கள். கதை விறுவிறுப்பானதுதான், ஆயினும் நான் இதை அச்சில் வாங்குவது டாட்சுவின் கோடுகளுக்காகவே. டர்போ பாட்டி என்ற பேய் சுரங்கப்பாதையில் துரத்தி வரும் பக்கங்களில் ஒவ்வொரு கல்லுக்கும் தனி நிழல் உண்டு. கறுப்பு வெள்ளை மங்காவில் சாம்பல் நிறத்துக்கென்று தனி மை கிடையாது. நுண்ணிய கரும்புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் அடுக்கித்தான் நிழலை உண்டாக்குகிறார்கள். அச்சான பக்கத்தையோ மின்பதிப்பையோ படியெடுத்து மறுபடி அச்சிடும்போது, மூலத்தின் புள்ளி வரிசையும் புதிய அச்சின் புள்ளி வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, படத்தில் இல்லாத வளைகோடுகளும் கட்டங்களும் முளைத்துவிடுகின்றன. அசலையும் போலியையும் பிரித்தறிய இதைவிட உறுதியான அடையாளத்தை நான் காணவில்லை. வசனங்கள் ஓரளவு தெளிவாக இருக்கும். நிழல் விழும் முகங்களையும் இரவு வானத்தையும் பாருங்கள்.

அந்தத் தொடக்கத் தொகுதியில்தான் இழப்பு மிகுதி. சிவப்பு உடை அணிந்து வரும் அக்ரோபாட்டிக் சில்கி என்ற ஆவியின் முற்கதை, சொற்களைக் குறைத்துப் படங்களாலேயே நகர்வது. மகளைத் தொலைத்த ஒரு தாயின் முகமே அங்கே கதை சொல்கிறது. என் கைக்கு வந்த பிரதியில் அந்த முகம் ஒரு பக்கத்தில் கருமை அப்பியும், அடுத்த பக்கத்தில் மை போதாமல் வெளுத்தும் கிடந்தது. இரு பக்கங்களை இணைத்து வரைந்த காட்சிகளில் நடுப்பகுதியே காணாமல் போயிருந்தது.

அடுத்து அங்காடியின் நடத்தை. அசலையும் போலியையும் அருகருகே வைத்து எடுத்த படங்களை அனுப்பினேன். பக்கங்கள் அனைத்தும் இருப்பதால் இதைக் குறைபாடுள்ள பொருளாகக் கருத முடியாது என்று முதல் பதில் வந்தது. மீண்டும் எழுதியபோது மாற்றுப் பிரதி அனுப்பினார்கள்; அதுவும் அதே விற்பனையாளரிடமிருந்து, அதே அச்சில். மூன்றாவதாக, பொருள் அசலே என விற்பனையாளர் உறுதியளித்திருப்பதாகக் கூறிப் புகாரை முடித்துவைத்தார்கள். மோமோ பேய்களை நம்புகிறாள், ஒகாருன் வேற்றுக்கோள்வாசிகளை நம்புகிறான், இந்தச் சேவைப் பிரிவோ தன் விற்பனையாளரை நம்புகிறது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புத்தகத்தின் பக்கத்தில் தெரியும் நட்சத்திர மதிப்பீடுகளும் பாராட்டுகளும் அந்தப் புத்தகத்துக்கு உரியவை. உங்களுக்கு அதை அனுப்பப்போகும் விற்பனையாளருக்கு உரியவை அல்ல. ஒரே பக்கத்தின்கீழ்ப் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். அசல் பிரதி பெற்றவர்களின் மனநிறைவு போலி விற்பவருக்கும் கேடயமாகிவிடுகிறது. காட்டப்படும் படமும் பதிப்பாளர் வெளியிட்ட அட்டைப்படமே. ஆகவே விற்பனையாளரின் பெயரைத் தொட்டு உள்ளே சென்று, அவருடைய குறைந்த மதிப்பீடுகளை மட்டும் படியுங்கள். அவற்றில் மங்கலான அச்சு, மெல்லிய தாள் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் விலகிவிடுவது நல்லது. அப்போதுதான் வெளியான தொகுதி மற்ற கடைகளின் விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் அது தள்ளுபடியாக இருக்க வாய்ப்பில்லை.

புகார் செய்வோர் அறிந்திருக்க வேண்டியவை சில. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அங்காடி ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விற்பனையாளரின் பெயர், முகவரி முதலிய விவரங்களையும் காட்ட வேண்டும். உரையாடல் பெட்டியில் பதில் தருபவர் அந்த அலுவலர் அல்லர். தளத்தின் அடிப்பகுதியில் எங்கோ சிறிய எழுத்தில் இருக்கும் அவருடைய மின்னஞ்சலுக்கே எழுதுங்கள். அதுவும் பயன் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எனக்கு அந்த எண்ணில் பதிந்த பிறகே பணம் திரும்பி வந்தது. திருட்டு அச்சு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்கீழ்ச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் புகாரில் எழுதினேன். பிரதிகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு மட்டும் இதுவரை பதில் இல்லை.

கதை என்னவாயிற்று என்று அறியும் ஆவலை அடக்க முடியாதவர்கள், ஜப்பானில் இத்தொடரை வெளியிடும் மூலப் பதிப்பாளர் ஷுயிஷா 2019இல் தொடங்கிய மங்கா ப்ளஸ் சேவையில் புதிய அத்தியாயங்களை முறைப்படி ஆங்கிலத்தில் இலவசமாகவே படிக்கலாம். தொகுதிகள் எப்போதும் அவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன. எனவே அச்சுப் பிரதிக்கு அவசரப்பட வேண்டிய தேவை இல்லை.

நான் படங்களோடு இட்ட மதிப்புரை விதிமுறைக்குப் பொருந்தவில்லை என்று நீக்கப்பட்டது. அந்த விற்பனையாளர் இப்போது வேறு பல மங்கா தொடர்களையும் அதே போன்ற விலையில் பட்டியலிட்டிருக்கிறார். அண்மையில் அப்படி மலிவாக எதையேனும் வாங்கியிருந்தால், படிக்கத் தொடங்குவதற்கு முன் உங்களிடமுள்ள பழைய தொகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டால் அங்காடி உங்கள் படங்களைத் திறந்துகூடப் பார்க்காது.