கண்ணாடித் தராசு: நிறை குறைக்க இறங்குகிறவர்கள் வாங்கலாமா?

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு என்று எந்தப் பட்டினத்து மின்சாதனக் கடைக்குப் போனாலும் சதுரக் கண்ணாடித் தராசு அடுக்கியிருக்கும். பெட்டியில் பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான்: தடித்த கண்ணாடி, நாலு மூலையிலும் நாலு கால், மேலே சின்னத் திரை. 180 கிலோ வரை தாங்கும், 100 கிராம் வித்தியாசம் வரை காட்டும். நிறை குறைக்க முடிவெடுத்த வீட்டுக்கு முதலில் வருகிற சாமான் இது. பல வீடுகளில் இரண்டு மாதத்தில் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறது. பழுதாகிப் போவதில்லை, இலக்கம் மனதை உடைத்துவிட்டதால் போகிறது.

எங்கள் முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். உங்கள் நிறை சரியாக எத்தனை கிலோ என்று சொல்வதில் இந்தத் தராசு சுமார்தான். வைத்தியசாலைத் தராசோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ கூடவோ குறையவோ காட்டலாம். ஆனால் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டால், ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஏறிப் பார்க்கிறவருக்கு நம்பிக்கையாகப் பதில் சொல்லும். ஆகவே இலக்கையும் வித்தியாசத்திலேயே வையுங்கள். "60 கிலோவுக்கு வரவேணும்" என்பதை விட "இப்ப இருக்கிறதிலயிருந்து 4 கிலோ இறங்கவேணும்" என்பதே இந்தத் தராசுக்குப் பொருந்துகிற பேச்சு.

தராசின் ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது மயிரிழையளவு வளையும். அந்த வளைவால் தகட்டில் ஒட்டிய கம்பியின் மின்தடை மாறி, நாலு காலின் கணக்கும் சேர்ந்து திரையில் கிலோவாக வருகிறது. நாலு காலும் கடினமான, மட்டமான தரையில் சமமாக ஊன்றவேண்டும். பாயின் மேல், மெழுகிய மண்தரையில், ரப்பர் விரிப்பில் வைத்தால் கால் அமிழ்ந்து இலக்கம் ஒவ்வொரு தடவையும் மாறும். விறாந்தையும் சரிவராது, மழைத்தண்ணி ஓடுவதற்காக அதைச் சற்றுச் சாய்த்தே கட்டியிருப்பார்கள். வீட்டுத்திட்ட வீடுகளில் உள்ளறையின் சீமெந்துத் தரைதான் தோதான இடம். மூலையில் ஒரு இடத்தைத் தெரிந்து நாலு காலையும் சுற்றிச் சோக்கட்டியால் அடையாளம் போடுங்கள்.

இடம் மாற்றினால் முதல் வாசிப்பை எடுக்காதீர்கள். எடுத்து நகர்த்திய தராசு தன் பூச்சியத்தைத் தவறவிட்டிருக்கும். ஒரு காலால் மெதுவாக அழுத்தி எழுப்பி, விட்டுவிட்டு, திரை 0.0 காட்டி அணைந்த பிறகு ஏறுங்கள். நடுவில், இரண்டு பாதமும் விரிந்து, அசையாமல் நிற்கவேண்டும். விளிம்பில் கால் வைத்தால் தராசு பிரளும், ஈரக்காலோடு ஏறினால் கண்ணாடி வழுக்கும். கிணற்றடியில் குளித்துவிட்டு நேரே வந்து ஏறுவது கூடாது.

இலக்கம் திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. அடியில் இருக்கிற சின்னப் பொத்தான் அமுங்கி கிலோ இறாத்தலாகியிருக்கும். 'லோ' என்று விழுந்தால் பற்றரி முடிகிறது. பற்றரி இறங்கும் காலத்து வாசிப்புகளை எழுதவேண்டாம்.

கடையிலேயே செய்யவேண்டிய சோதனை இரண்டு. முதலாவது: ஏறி நின்று இலக்கத்தைப் பாருங்கள், பிறகு பொதி பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் 9.8 முதல் 10.2 வரை இருந்தால் போதும். இரண்டாவதுதான் முக்கியம், இதைப் பலர் செய்வதில்லை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலோடு ஏறி இறங்கி, உடனே போத்தல் இல்லாமல் ஏறுங்கள். இலக்கம் அரைக் கிலோ குறையவேண்டும். சில தராசுகள் முன்னைய வாசிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட அதே பாரம் ஏறினால் பழைய இலக்கத்தையே திரும்பக் காட்டும். "எத்தின தரம் ஏறினாலும் ஒரே இலக்கம், எவ்வளவு துல்லியம்!" என்று வாங்குகிறவர் மகிழ்வார். மெலிகிறவருக்கோ அந்த 300, 400 கிராம்தான் முழுச் செய்தியும். போத்தலைக் கண்டுகொள்ளாத தராசைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

இனி இலக்கு. உயரத்துக்கேற்ற நிறை அட்டவணையைப் பார்த்து இலக்கு வைப்பதுதான் பெரும்பாலானோர் வழுக்குகிற இடம். ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி (கிலோ நிறையை மீற்றர் உயரத்தால் இரண்டு தரம் பிரித்து வருகிற இலக்கம், BMI) 23ஐத் தாண்டினால் ஆபத்து கூடத் தொடங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. 160 சென்ரிமீற்றர் உயரமும் 80 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணுக்கு அந்தக் கணக்கு 59 கிலோவுக்கு வா என்று சொல்லும். 21 கிலோ! அதைச் சுவரில் எழுதி வைத்தால் மூன்று கிலோ இறங்கிய பிறகும் தோற்றுப்போன உணர்வுதான் மிஞ்சும். 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சலரோகம் வரும் விளிம்பில் இருந்தவர்களுக்கு வைத்த இலக்கு உடல் நிறையில் 7 வீதம், கூடவே கிழமைக்கு 150 நிமிட உடற்பயிற்சி, அவ்வளவுதான். அதிலேயே சலரோகம் வருவது 58 வீதம் குறைந்தது. 80 கிலோக்காரருக்கு 7 வீதம் 5.6 கிலோ. முதல் தவணைக்கு 5 வீதம், அதாவது 4 கிலோ, போதும்.

காலம்? காலபோகம் விதைத்து அறுக்கிற நாலு மாதத்தை ஒரு தவணையாக வையுங்கள். மாதம் ஒரு கிலோ. கிழமைக்கு அரைக் கிலோ வரை இறங்கினாலும் நல்லதே. ஒரு கிலோவுக்கு மேல் கிழமைக்குக் கிழமை இறங்கினால் தசையும் சேர்ந்து போகிறது என்று கொள்ளுங்கள். முதல் கிழமையில் மட்டும் ஒன்றரை, இரண்டு கிலோ சட்டென்று இறங்கலாம். சோறு குறையும்போது தசையிலும் ஈரலிலும் சேமித்த மாச்சத்துக் கரையும், அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போகும். அது கொழுப்பு அல்ல. அந்த வேகத்தை இரண்டாம் கிழமையிலும் எதிர்பார்த்தவர்கள்தான் மூன்றாம் கிழமை கைவிடுகிறார்கள்.

எழுதுவதற்கு நல்ல மாதிரி வீட்டிலேயே உண்டு: பிள்ளையின் வளர்ச்சி அட்டை. குடும்பநல மாது புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்றுதானே பார்க்கிறார்? ஒரு மாதப் புள்ளி கொஞ்சம் விலகினால் கோடு போகிற திசையைப் பார்த்துத்தான் பேசுவார். உங்களுக்கும் சதுரக் கொப்பித் தாள் ஒன்றில் அப்படியே கோடு இழுங்கள். நாலு கிழமைக் கோடு கீழே சாய்ந்தால் சரி.

நிறை பார்க்க நல்ல நேரம் காலை எழும்பி, மலசலம் கழித்து, தேத்தண்ணிக்கு முன், ஒரே மாதிரி உடுப்போடு. நாள் புதன் என்று வைத்துக்கொள்ளலாம். கலியாண வீடு, விருந்து, அன்னதானம் எல்லாம் பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரைக்குள் வரும், திங்கள் காலை ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடிக் காட்டும். அப்பளமும் ஊறுகாயும் தந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது; புதனுக்குள் பெரும்பாலும் அது கழிந்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்கலாம். ஆகவே போன மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வயலிலோ கட்டட வேலையிலோ நின்றுவிட்டு வந்து ஏறினால் ஒரு கிலோ குறைந்திருக்கும். அவ்வளவும் வியர்வை. அதைக் கண்டு சந்தோசப்பட்டுத் தண்ணி குடிக்காமல் இருப்பது ஆபத்து.

தராசு காட்டுவது விளைவை மட்டுமே. மனம் தளராமல் இருக்க, நீங்கள் செய்ததைக் காட்டுகிற ஒரு நிரலும் கொப்பியில் வேண்டும். இரண்டு பழக்கம் போதும். உதாரணம் சீனி: நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, கரண்டிக்கு 5 கிராம் என்றால் 50 கிராம் சீனி, 200 கலோரி. ஒரு மாதத்துக்கு 6,000 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்தால், சீனியை நிற்பாட்டினாலே மாதம் முக்கால் கிலோ கணக்கில் வருகிறது. ஒரேயடியாக விடமுடியாதவர்கள் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைக்கலாம், நாக்கு பழகிவிடும். சோற்றையும் கண்ணால் அளக்காமல் கோப்பையால் அளவுங்கள். தேத்தண்ணிக் கோப்பை ஒன்று நிறையச் சோறு 200 கலோரிக்குக் கிட்ட வரும். பிட்டுக்குத் தேங்காய்ப்பூ, கறிக்குப் பால், சம்பல் என்று ஒரே சாப்பாட்டில் மூன்று இடத்தில் தேங்காய் வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது பழக்கம் நடை, நாளுக்கு 30 நிமிடம். ஏழு நாளில் ஐந்து நாள் சரி போட்டால் அந்தக் கிழமை வெற்றி. ஐப்பசி பிறந்து ஒழுங்கைகள் சேறானதும் நடை நின்றுவிடும், அப்படியே திட்டமும் நின்றுவிடும். மழைநாளுக்கு என்ன என்பதை முதலே எழுதி வையுங்கள். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது 10 தரம், மூன்று சுற்று என்றாலும் போதும்.

மூன்று கிழமை இலக்கம் அசையாமல் நிற்கிற காலம் எல்லோருக்கும் வரும். உடம்பு இலேசாகும்போது அது செலவழிக்கிற சக்தியும் குறைகிறது. கோப்பை அளவும் மெல்ல மெல்லக் குவிந்திருக்கும். ஒரு கிழமை அளவை மீண்டும் சரிபாருங்கள், பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தையல் நாடாவால் இடுப்பையும் பாருங்கள்: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் கவனம் தேவை. தராசு அசையாத மாதத்தில் நாடா இரண்டு சென்ரிமீற்றர் குறைந்து காட்டுவதுண்டு.

செயற்கைக் கால் பாவிக்கிறவர்கள் எங்கள் பகுதியில் நிறையப்பேர். தராசு விற்கிறவர் இதைப்பற்றிப் பேசமாட்டார். காலைப் போட்டபடியே எப்போதும் ஏறுங்கள். வீட்டில் இன்னொருவர் அந்தக் காலைக் கையில் பிடித்தபடி ஒருதரமும் பிடிக்காமல் ஒருதரமும் ஏறட்டும்; அந்த வித்தியாசத்தை, கழிக்கவேண்டிய அளவாக, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒற்றைக் காலில் கண்ணாடிமேல் நிற்கவே வேண்டாம். உடற்திணிவுச் சுட்டி அட்டவணை உங்களுக்கு அப்படியே பொருந்தாது. நிறை குறைந்து தொடை மெலிந்தால் பொருத்து தளர்ந்து உரசும், அப்போது காலைத் திருத்தக் கொடுக்கவேண்டும்.

சலரோகத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் கிளினிக்கில் சொல்லவேண்டும், சீனி திடீரென இறங்கி மயங்கலாம். வவுனியா மாவட்டம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள மாவட்டங்களில் ஒன்று; சிறுநீரகத்தில் குறை இருப்பவர்கள் புரத மாவை வாங்கிக் கரைத்துக் குடிக்காதீர்கள். இரண்டு, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறிக் காலும் வீங்கினால் அது சாப்பாட்டால் வந்ததல்ல, வைத்தியசாலைக்குப் போங்கள். முயற்சி எதுவும் செய்யாமல் நிறை இறங்கினாலும் அப்படியே.

கொழுப்பு வீதம் காட்டும் தராசுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பாதத்தின் ஊடாக மெல்லிய மின்சாரம் விட்டு ஊகிக்கிற கணக்கு அது, தண்ணி குடித்தாலே மாறும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறவே கூடாது. முள்ளுச் சுற்றும் பழைய வகைக்குப் பற்றரி தேவையில்லை, ஆனால் அரைக் கிலோவுக்குக் கீழே வாசிக்க முடியாது, கடற்கரைப் பக்கம் வில்லும் துருப்பிடிக்கும். ஆகவே சாதாரணக் கண்ணாடித் தராசே போதும். சிறிய வட்டப் பற்றரி போடுவதை விட, எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கிற மெல்லிய பென்சில் பற்றரி போடுவதைத் தெரிந்தெடுங்கள். பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். போத்தல் சோதனையை வீட்டுத் தரையில் இன்னொருதரம் செய்து, தவறினால் அந்தக் கிழமைக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள்.