முதல் தொகுப்பு: பதிப்பகமா, கைக்காசா, கிண்டிலா?

பத்துப் பன்னிரண்டு சிறுகதைகள் சேர்ந்துவிட்டால் அடுத்தது புத்தகம்தான் என்று மனம் பரபரக்கும். அதைப் பதிப்பகத்திடம் கொடுப்பதா, கைக்காசு போட்டு அச்சிடுவதா, அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போடுவதா என்றுதான் புதிதாக எழுத வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். என் பதில் பதிப்பகம். மற்ற இரண்டையும் ஏன் பின்னால் தள்ளுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் முதல் தொகுப்பைக் கைக்காசு கட்டித்தான் கொண்டுவந்தேன். பணம் வாங்கிக்கொண்டவர்கள் நாற்பதே நாளில் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அனுப்பிய கோப்பு அப்படியே அச்சாகியிருந்தது. ஒரு கதையில் அத்தையின் பெயர் பாதியில் மாறிவிடும். அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. கைக்காசில் நல்ல புத்தகம் போட முடியாது என்று சொல்லவில்லை. இப்போது பிஓடி முறையில், அதாவது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில், ஐம்பது பிரதிகூட அச்சிடலாம், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் இந்தியாவில் இலவசம்தான். ஆனால் மெய்ப்பு பார்ப்பவரையும் செம்மையாக்குபவரையும் நீங்களே தேடிப் பிடித்து, அவர்களுக்கும் காசு ஒதுக்க வேண்டும். அச்சுக் கூலியை மட்டும் கணக்குப் போட்டால் நான் பட்டதுதான் உங்களுக்கும்.

கிண்டிலில் செலவே இல்லை. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி, அதாவது எழுதியவருக்கான பங்கு, வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும். இல்லாவிட்டால் 35 தான். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் ஏற்கெனவே போட்ட கதைகள் என்றால் முதலில் அங்கிருந்து எடுத்தாக வேண்டும். தொடர்கதை, குடும்பக்கதை எழுதுபவர்களுக்கு இந்த இடங்கள் நன்றாகக் கைகொடுக்கின்றன, வாசகர் அன்றன்றே பேசுகிறார். சிறுகதைத் தொகுப்புக்கு அந்த வேகம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

சரி, பதிப்பகத்தில் பணம் வருமா? பெரும்பாலும் 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். அவ்வளவுதான். ஆனாலும் அங்கே போகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கதையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையுள்ள ஒருவர் அங்கே அதைப் படிக்கிறார். "இந்த மூன்று கதையை எடுத்துடுங்க, தொகுப்பு நிமிர்ந்துடும்" என்று என் இரண்டாவது புத்தகத்துக்கு ஒருவர் சொன்னார். எழுத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்த ஒரு மாலையில்தான்.

ஒப்பந்தத்தை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். உரிமையை எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதாவிட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று இருந்தால் உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் போய்விடும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்ட நண்பர்கள் பிறகு தங்கள் கதைக்கே அனுமதி கேட்டு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. ஐப்பசி பிறந்துவிட்டால் பதிப்பகங்களில் யாருக்கும் நின்று படிக்க நேரமிருக்காது. ஆனி, ஆடியிலேயே அனுப்பிவிடுங்கள்.