பழைய எம்.எக்ஸ்-5க்குக் கோனி ஸ்போர்ட் ஷாக் அப்சார்பர்: வீட்டிலேயே பொருத்துவோருக்கான மதிப்புரை

முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் காரின் சக்தியைக் கூட்டுவதற்காகத் தொடக்கத்தில் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி வீண் என்பது என் கருத்து. 1989-இல் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரின் 1.6 லிட்டர் எஞ்சினுக்குப் புதிய காற்று வடிகட்டியும் உரத்த சைலன்சரும் மாட்டினால் சத்தம் கூடுமே தவிர வேகம் கூடியதாகத் தோன்றாது. ஆனால் ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடையும், நான்கு சக்கரங்களிலும் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கரங்கள் பிடித்திருக்கும்) சஸ்பென்ஷனும் கொண்ட ஒரு வண்டியில், கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்துத் தளர்ந்த ஷாக் அப்சார்பர்களை மாற்றிவிட்டால், வண்டியின் குணமே மாறிவிடுகிறது. இங்கிலாந்தில் ஓடும் என் காருக்கு நெதர்லாந்து நிறுவனமான கோனியின் ஸ்போர்ட் வகையை வாங்கி, தொழிற்சாலையில் வந்த ஸ்பிரிங்குகளை மாற்றாமல், வீட்டு வாசலிலேயே பொருத்தினேன்.

மஞ்சள் நிறத்தால் அடையாளம் காணப்படும் இந்த ஷாக் அப்சார்பரில் திருகி மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அமுங்கிய ஸ்பிரிங் மீண்டும் விரியும்போது அதற்குக் கொடுக்கப்படும் எதிர்ப்பைத் தண்டின் உச்சியில் உள்ள குமிழால் கூட்டலாம், குறைக்கலாம். பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் மேலேறும்போது உள்ள எதிர்ப்பு நிலையானது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. வீட்டில் வேலை செய்பவருக்கு இது வசதி என்றே நான் சொல்வேன், ஏனென்றால் இரண்டு திசைகளையும் தனித்தனியாகத் திருத்த முடிகிற கருவிகள், அளந்து பார்க்கும் வசதி இல்லாதவர் கையில், நல்ல அமைப்பைவிடக் கெட்ட அமைப்புக்கே எளிதாக வழிவிடுகின்றன.

முன்பக்கக் குமிழ்களை எஞ்சின் மூடியைத் திறந்து எட்டிவிடலாம். பின்பக்கத்தினவற்றுக்கு டிக்கிக்குள் உள்ள விரிப்பை விலக்க வேண்டும். அடிக்கடி மாற்றிப் பார்க்க நினைப்பவருக்கு அது எரிச்சல்தான். மிக மென்மையான நிலையில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் சிறிதளவே இறுக்கி, பழக்கமான ஒரே சாலையில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஒட்டுப்போட்ட கிராமப்புறச் சாலைகளில் மென்மையான முனைக்கு அருகிலேயே கார் சிறப்பாக நடந்துகொள்கிறது: திரும்பும்போது உடல் மெதுவாகச் சாய்ந்து அங்கேயே நிற்கிறது, முன்பு இருந்த அந்த இரண்டாவது ஆட்டம் இல்லை. குமிழை அளவுக்கு மீறி இறுக்கினால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுமையாக இறங்கும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும். வரிசையான மேடுபள்ளங்களில் கார் படிப்படியாகத் தாழ்ந்து, இறுதியில் பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் தடுப்பின் மீது அமர்ந்துவிடும். முரட்டுத்தனமாக இருப்பதையே விளையாட்டுக் காரின் இலக்கணம் என்று நம்புபவர்கள் இந்த நிலையை விரும்பக்கூடும்.

உயரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங் அமரும் தட்டு ஒரு வளையத்தின் மேல் நிற்கிறது. அந்த வளையத்தை ஷாக் அப்சார்பரின் உடலில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்களில் தாழ்வானதில் மாட்டினால் காரும் தாழும். ஆனால் இந்தக் காரின் சஸ்பென்ஷனுக்கு மேல்நோக்கிச் செல்ல இயல்பாகவே அதிக இடம் கிடையாது. பம்ப் ஸ்டாப் வெறும் தடுப்பாக மட்டுமன்றி இரண்டாவது ஸ்பிரிங்காகவும் வேலை செய்யும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். தோற்றத்துக்காகத் தாழ்த்துபவர், எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரை வாங்கினாலும், பாதி நேரம் அந்த ரப்பரின் மேல்தான் பயணம் செய்கிறார். இரண்டாம் தலைமுறைக் காரின் மேல்தாங்கிகளை (ஷாக் அப்சார்பரின் உச்சியைக் காரின் உடலோடு இணைப்பவை) பழைய காருக்கு மாட்டிச் சற்றுக் கூடுதலான இயக்கத்தைப் பெறும் வழக்கம் இந்தக் கார் வைத்திருப்பவர்களிடையே பரவலாக இருக்கிறது. தாழ்த்தியே தீருவேன் என்பவர்கள் முதலில் அதற்குப் பணம் ஒதுக்கலாம். நான் மேல் பள்ளத்திலேயே விட்டுவிட்டேன்.

பொருத்தும் வேலையில் கடினமானது ஷாக் அப்சார்பர் அல்ல, அதைச் சுற்றியுள்ள துரு. குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு, மேல் விஷ்போனின் நீண்ட போல்ட்டை அதன் உறையோடு சேர்த்துப் பிடித்துவிடுகிறது. ஊடுருவும் எண்ணெயைச் சில நாள் முன்பிருந்தே அடித்துவருவது, தொடங்கிய பிறகு சுத்தியலைத் தேடுவதைவிட மேல். பின்பக்கத்தில் ஆன்டி-ரோல் பாரின் (கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இணைப்பைக் கழற்றிவிட்டால் கீழ்க் கரம் தாராளமாக இறங்கி இடம் தருகிறது. காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தி யாரும் கை வைக்கக் கூடாது, காரைத் தாங்கி நிற்கும் ஆக்சில் ஸ்டாண்ட் கட்டாயம்; ஸ்பிரிங் அமுக்கியும் நல்ல தரத்தில் இருக்க வேண்டும், அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாலே போதும்.

வீட்டில் வேலை செய்பவர்களில் பலர் தவறவிடும் ஒரு கட்டம் இருக்கிறது. இந்தக் காரின் விஷ்போன் புஷ்களில் (கரம் அசையும் இணைப்பில் உள்ள ரப்பர் உறைகள்) ரப்பர் உலோகத்தோடு ஒட்டப்பட்டிருப்பதால், கரம் அசையும்போது ரப்பர் வழுக்காமல் முறுக்கிக்கொள்கிறது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை முழுமையாக இறுக்கிவிட்டால், கார் தரையில் அமர்ந்ததும் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். விரைவில் கிழியும், காரும் சற்று உயர்ந்தே நிற்கும். ஆகவே போல்ட்டுகளை விரலால் மாட்டி, சக்கரங்களைப் பலகைகளின் மேல் இறக்கி, கார் தன் எடையில் அமர்ந்த பிறகே டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசையில் இறுக்கும் கருவி) கொண்டு இறுக்க வேண்டும். புதிய ஷாக் அப்சார்பர் போட்டும் கார் சரியில்லை என்று முறையிடுபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அதன் பிறகு வீல் அலைன்மென்ட். கீழ் விஷ்போன்களின் உட்புற போல்ட்டுகள் மையம் விலகிய வட்டுகளைக் கொண்டவை. முன்பக்கத்தில் கேம்பரையும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) காஸ்டரையும் (திருப்பும் அச்சின் முன்பின் சாய்வு), பின்பக்கத்தில் கேம்பரையும் டோவையும் (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) திருத்த அனுமதிப்பது இந்தக் காரின் பெரிய வரம். ஆனால் பழைய கார்களில் அந்த போல்ட்டுகள் பிடித்துக்கொண்டு அசைய மறுப்பது சாதாரணம். அவை சுழல்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ஷாக் அப்சார்பர்களுக்கே பணம் கட்ட வேண்டும், ஏனென்றால் அவற்றை அறுத்து எடுத்துப் புதிதாகப் போடும் செலவு சிறியதல்ல.

ஏறக்குறைய இதே செலவில் மலிவான காயில்ஓவர்களும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து, மரையைத் திருகி உயரம் மாற்றும் வகை) கிடைக்கின்றன. உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் மாற்றலாம் என்பது அவற்றின் கவர்ச்சி; உப்புச் சாலையில் அந்த மரைகளைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுமை உள்ளவர்களுக்கே அது பயன்படும். முறையாகப் பந்தயத் தடத்தில் ஓட்டப்போகிறவர்கள், கடினமான ஸ்பிரிங்குகளுக்கு ஏற்ப உள்ளமைப்பை மாற்றித் தரும் தரமான காயில்ஓவர்களுக்கு நேராகச் சென்றுவிடலாம். எதை வாங்கினாலும், பிரிட்டனில் இத்தகைய மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.