28 கிலோவை இறக்கி வைத்த கதை: ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ்

இந்தச் சின்ன அம்பிளிபயரைப் பாவிக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வாங்கிய கிழமையே எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகப் போயிருக்கும். இப்போது இதன் நல்லதும் குறையும் வடிவாகத் தெரியும்.

எனக்கு 54 வயது, இருப்பது யாழ்ப்பாணம் குருநகரில். முப்பது வருடத்துக்கு மேலாகக் கோயில் பாடகர் குழுவிலும் கலியாண வீடுகளிலும் கிற்றார் வாசிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வலது தோள் வலிக்கத் தொடங்கியது. சேட் போட, தலை இழுக்க, கொடியில் உடுப்புக் காயப்போடக் கை எழும்பாது. முதலில் காட்டிய ஒரு தனியார் இடத்தில் சதைப்பிடிப்பு என்று நான்கு மாதம் வலிக் குளிசை மட்டும் தந்தார்கள். இரத்தம் சோதிக்கச் சொல்லவில்லை. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும். பிறகு யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போனபோதுதான் வெறும் வயிற்றில் சீனி 212 என்று தெரிந்தது. தோளில் இருந்தது சதைப்பிடிப்பு இல்லை, மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகிப்போகிற 'ஃபுரோசன் ஷோல்டர்'. சீனி வருத்தக்காரருக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும். இளகி வர ஒரு வருடமும் எடுக்கலாம், மூன்று வருடமும் எடுக்கலாம் என்றார் டொக்டர்.

கிற்றார்காரனுக்கு வலது தோள் என்ன செய்யும் என்று வாசிக்காதவர்கள் யோசிக்கலாம். என்னுடைய பழைய அக்கூஸ்டிக் (கரண்ட் தேவைப்படாத மரக் கிற்றார்) பெரிய உடம்புக்காரன், விலாப்பக்கம் 12 சென்ரிமீற்றர் தடிப்பு. அதற்கு மேலால் கையைப் போட்டுத்தான் கம்பியைத் தொடவேண்டும். தோள் இறுகினவனுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் அப்படிக் கையை வைத்திருக்க முடியாது. அதனால் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மகன் பழகிய யமஹா பசிபிக்கா எலெக்ட்ரிக் கிற்றாரை எடுத்தேன். தடிப்பு நாலரை சென்ரிமீற்றர்தான், முன்கை படுகிற விளிம்பையும் சரிவாகச் சீவியிருக்கிறார்கள். கை தானாகவே கம்பியில் போய் விழுந்தது. கம்பியின் தடிப்பையும் 12இல் இருந்து 9க்கு (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) மாற்றினேன். அதே சுருதியில் முதல் கம்பியின் இழுவை ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். காலையில் விறைத்திருக்கும் இடது கை விரல்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் எலெக்ட்ரிக் என்றால் அம்பிளிபயர் வேண்டுமே. எங்கள் கோஷ்டியில் ரோலண்ட் ஜேசி-120 ஒன்று இருந்தது. 1975இல் வந்த மாடல், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, நிறை 28 கிலோ. இருபது வருடம் அதை ஓட்டோவில் ஏற்றி இறக்கியது இதே வலது கைதான். வருத்தம் வந்த பிறகு ஒருநாள் பழக்கத்தில் அதன் கைபிடியைப் பிடித்தேன். மகன் ஓடிவந்து, "அப்பா, தொடாதேங்கோ, நான் தூக்கிறன்" என்றான். அவன் வேலைக்குப் போகிற பிள்ளை. ஒவ்வொரு பாட்டுப் பழக்கத்துக்கும் அவனைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் நான் பழக்கத்துக்கே போகவில்லை.

அந்த நேரத்தில்தான் ரொறன்ரோவில் இருந்து வந்த மருமகன் இந்த மைக்ரோ கியூபைக் கொண்டுவந்து தந்தார். நிறை 2.7 கிலோ. இடது கையின் இரண்டு விரலில் தொங்கவிட்டு நடக்கலாம்.

5 அங்குல ஸ்பீக்கர், 3 வாட். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். நிலத்தில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும், கதிரையில் காது உயரத்துக்கு வையுங்கள். ஜேசி-120ஐப் பார்த்து அதே கொம்பனி செய்த 'ஜேசி கிளீன்' என்ற சத்தம் இதில் உண்டு. மணி மாதிரித் தெளிவாக இருக்கும். ஆனால் பெரியவனுடைய கோரஸ் (ஒரு கிற்றாரே பல கிற்றார் சேர்ந்த மாதிரிக் கேட்பது) இதில் வராது. அவன் ஒரு ஸ்பீக்கரில் நேர்ச் சத்தத்தையும் மற்றதில் அசைகிற சத்தத்தையும் விட்டு, இரண்டையும் காற்றில் கலக்கவைப்பான். ஒற்றை ஸ்பீக்கரால் அதைச் செய்ய முடியாது. எனக்கு மிகவும் பிரயோசனப்பட்டது, சத்தத்தின் வகையை மாற்றும் திருகியில் 'அக்கூஸ்டிக்' என்ற இடம். எலெக்ட்ரிக் கிற்றாரை மரக் கிற்றார் மாதிரிக் காட்டும். திருப்பலிப் பாட்டுக்கு அது காணும். சுருதி பார்க்கும் மீற்றரும் உள்ளேயே இருக்கிறது.

பென்ரோச் பற்றறி (AA) ஆறு போட்டால் வேலை செய்யும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் வாசித்தால் எனக்கு இரண்டு, மூன்று கிழமை போகிறது. 1990க்குப் பிறகு யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல், பற்றறியும் தடைப் பொருளாக இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, பற்றறியில் பாடும் அம்பிளிபயர் என்பது சின்ன விஷயம் இல்லை. வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டுவந்தால், அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவை வாசிக்காமல் செருகாதீர்கள். கனடாவில் 120, இங்கே 230.

இனிக் குறைகள். டிரம்ஸ் வாசிக்கிற கலியாண வீட்டில் இது எடுபடாது. மிக்சருக்கு வயர் கொடுக்கலாம்தான், ஆனால் அந்த ஓட்டையில் செருகியதும் ஸ்பீக்கர் அடங்கிவிடும், நான் வாசிப்பது எனக்கே கேட்காது. அதனால் முன்னுக்கு ஒரு மைக்கை வைத்துச் சமாளிக்கிறேன். சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் திருப்பினால் ஆறாவது கம்பி கரகரக்கும். பெரிய மேடைக்காரர் இதை வாங்க வேண்டாம். தோள், முதுகு, நெஞ்சு என்று ஏதாவது ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு வாசிக்க வேண்டியவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஹெட்போன் போட்டு வாசிக்க முடிவது என் நாளையே மாற்றியது. விடிய ஐந்து மணிக்குப் பண்ணைப் பாலத்தில் நடந்துவிட்டு வந்து, வீட்டில் எல்லோரும் எழும்ப முன் அரை மணித்தியாலம் வாசிப்பேன். அதற்கு முன் சீனி பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் இடது கை விரல் நுனியில் குத்திவிட்டுக் கம்பியை அழுத்த முடியாமல் தவித்தேன். இப்போது வலது கைச் சின்னவிரலின் பக்கவாட்டில்தான் குத்துகிறேன். கம்பியை மீட்டும் பிக்கைப் பிடிக்க அந்த விரல் தேவையில்லை. கிற்றார், வயலின் வாசிக்கிற சீனி வருத்தக்காரர் இதைக் கவனியுங்கள். பழக்கம் முடிந்து ரோல்ஸும் சீனித் தேத்தண்ணியும் வரும்போது நான் கடலை கொண்டுபோய்ச் சாப்பிடுகிறேன். போன மாதம் வெறும் வயிற்றில் 118.

தோள் முக்கால்வாசி இளகிவிட்டது. ஜேசி-120ஐப் பாடகர் குழுப் பெடியளுக்கே கொடுத்துவிட்டேன், இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிறார்கள். ஞாயிறு காலைப் பூசைக்குக் கிற்றார் இடது தோளில், மைக்ரோ கியூப் சைக்கிள் கூடைக்குள். மகன் அந்த நேரம் நித்திரை.